நிமிடத்துக்கு ஆறு மீன்

கிளாக்ஸ்விக்கில் காலை ஆறரை.
இன்னும் விடியவில்லை. ஜனவரியில் இங்கே
விடிவது ஒரு சம்பிரதாயம்.
கையுறைக்குள் கையுறை மாட்டி, கத்தி தீட்டி முடிப்பதற்குள்
ரேடியோ அந்தப் பாட்டைப் போட்டுவிட்டது.
புதுசு. திங்கட்கிழமையிலிருந்து பதினான்காவது முறை.

"அரைத்த மாவு" என்றான் சுவெய்னுர்
காட் மீனின் தலையை ஒதுக்கியபடி.
"இப்போது தாளம் நிற்கும் பார். நாலு வரை எண்ணு.
பிறகு எல்லாம் சேர்ந்து தொப்பென்று விழும்."
விழுந்தது, அவன் சொன்ன அதே இடத்தில்.
விழும் என்று தெரிந்தும்
என் முழங்கால் அதற்காகக் காத்திருந்ததை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

"குரலுக்கு இஸ்திரி போட்டிருக்கிறார்கள்,
ஒரு சுருக்கம் இல்லை,
மூச்சை எங்கேதான் வாங்குகிறாள்?"
இது லூஸ்விமிந்தா.
சனிக்கிழமை கரோக்கியில் அவள் வாங்கும் மூச்சு
துறைமுகம் வரை கேட்கும்.

மேற்பார்வையாளர் ஹானுஸுக்கு இசையில் அபிப்பிராயம் கிடையாது,
கணக்கு உண்டு.
இஸ்திரி போட்ட பாட்டுக்கு ஆளுக்கு நிமிடத்துக்கு ஒன்பது மீன்.
அவர் நோட்டில் அதுதான் இந்த வாரத்தின் முதலிடம்.

பத்தேகாலுக்கு வந்தது இன்னொன்று.
தெற்குத் தீவுக்காரர்கள், மூன்றே பேர்.
ஒரு கிதார், பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல ஒரு குரல்,
இரண்டாம் நிமிடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது.
அழிக்க மறந்தார்களா, அழிக்க மனம் வரவில்லையா, தெரியாது.
கடைசிப் படகைத் தவறவிட்டேன் என்கிறாள்.
அவ்வளவுதான் கதை.
நாலு நிமிடமும் அடுத்த படகு எப்போது என்று
அவள் கேட்கவே இல்லை.

"குளியலறையில் பதிவு செய்திருக்கிறார்கள்" என்றான் சுவெய்னுர்.
"மூக்கால் பாடுகிறாள்" என்றாள் லூஸ்விமிந்தா,
"ஆனால் மூச்சு இருக்கிறது."
உப்புச் சப்பில்லை என்றது பொதிக்கும் மேஜை.
எனக்கு நாற்காலி பிடித்திருந்தது.
அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கையில்
வாரத்துக்கு ஒருமுறை வாய் திறக்கும் ரன்வா,
இந்த வாரத்துக்கானதைத் திறந்தாள்:

"அவள் தவறவிடவில்லை.
கரையில் நின்று, போகட்டும் என்று விட்டிருக்கிறாள்."

பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
மீன்கள் எங்களைத் தாண்டிப் போயின
முழுசாக, வாய் திறந்தபடி.
ஹானுஸ் எண்ணிப் பார்த்தார்: ஆறு.
நேராக வந்து குமிழைத் திருகினார்.
மீன்பிடி ஒதுக்கீடு பற்றி ஒரு அமைச்சர் பேச ஆரம்பித்தார்.

தேநீர் இடைவேளையில்
ஒரு போனுக்கு முன்னால் பதினோரு பேர் வரிசை.
குளியலறை என்றவன்தான் முதலில் நின்றான்.
"பிடித்ததால் இல்லை" என்று எல்லோரிடமும் விளக்கினான்,
"அந்தப் படகு விஷயம் சரிதானா என்று
இன்னொரு தடவை கேட்க வேண்டும்."

வெள்ளிக்கிழமை அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னாள்:
"இந்தப் பாட்டைக் கேட்டு முப்பத்தொரு அழைப்புகள்.
முப்பத்தொன்றின் பின்னணியிலும் ஒரே இயந்திரத்தின் இரைச்சல்."

அடுத்த வாரம் அது பட்டியலில் ஏறியது.
தினமும் ஆறு முறை, விளம்பரத்துக்கும் வானிலைக்கும் நடுவே.
புதன்கிழமைக்குள் சுவெய்னுருக்கு அலுத்துவிட்டது.
"இதுவும் மாவுதான்" என்றான்.
லூஸ்விமிந்தா அதைக் கரோக்கியில் தேடினாள்; இல்லை.
ரன்வா ஒன்றும் சொல்லவில்லை,
அவளுடைய வாரம் இன்னும் வரவில்லை.
ஹானுஸின் நோட்டில் ஆறு, ஏழாகியிருக்கிறது.
பழகிவிட்டால் எந்தச் சோகத்துக்கும் மீன் வெட்டலாம் போல.

நான் மட்டும் இன்னும்
இரண்டாம் நிமிடம் வரும்போது கத்தியை நிறுத்துகிறேன்.
நாற்காலி கிறீச்சிடுகிறது.
ஒரு முள்ளை எடுக்காமல் விட்டு
துண்டத்தைத் தள்ளிவிடுகிறேன்.
எந்த ஊரிலோ, எந்தத் தட்டிலோ
ஒருவருடைய பல்லில் அது அகப்படும்.
அவர் மெல்லுவதை ஒரு நொடி நிறுத்துவார்.
என் கருத்து அதுதான்.